திருகோணமலைக்கு வருவதென்றால் எப்போது, எப்படி

யாராவது திருமலைக்கு, அதாவது எங்கள் திருகோணமலைக்கு வரப்போகிறோம், என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் நான் முதலில் கேட்பது எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான். இங்கே எல்லாமே அதைப் பொறுத்தது. தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் சனம் கடலில் குளித்துக்கொண்டிருக்கும் மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் வாடைக்காற்றும் மழையும், கடல் இரைந்துகொண்டே கிடக்கும், படகில் போய்ப் பார்க்கிற புறாத்தீவை நினைக்கவே வேண்டாம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அப்படியே தலைகீழ், அங்கே கடல் கொந்தளிக்க இங்கே அலையே இல்லாமல் கிடக்கும். அந்த மாதங்களில்தான் வர வேண்டும். ஆனால் வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் பகல் பதினொரு மணிக்கு மேல் முகத்தில் அனல் அடிக்கும். அதனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மத்தியானம் சாப்பிட்டுப் படுங்கள். ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் இதில்லை, இரண்டு இரவாவது தங்குங்கள்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரலாம், பஸ்ஸும் நிறைய உண்டு. சொந்த வாகனம் என்றால் ஹபரணை, கந்தளாய் வழியாக வருவீர்கள். பொழுதுபட்ட பிறகு அந்தப் பாதையில் யானை நிற்கும், ஆகவே வெளிச்சத்தோடு ஊருக்குள் வந்து சேருகிற மாதிரிப் புறப்படுங்கள். கந்தளாயில் தெருவோரம் சட்டித் தயிர் தொங்கவிட்டிருப்பார்கள், எருமைத் தயிர், கட்டாயம் ஒரு சட்டி வாங்குங்கள். தங்குவதற்குக் கடற்கரை ஊர்கள் இரண்டு, நிலாவெளி அமைதியானது, ஆனால் வாகனம் இல்லாதவர்களுக்கு உப்புவெளிதான் வசதி, டவுனுக்கு பஸ் அடிக்கடி வரும், ஓட்டோ பிடித்தாலும் பெரிய காசாகாது. ஏற முதலே விலையைப் பேசிவிடுங்கள்.

கடலோர மலைமேல் இருக்கிற கோணேசர் சிவன் கோயிலுக்குக் காலையில் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதோடு வெறுங்காலோடு அந்தக் கல்லில் நடக்கவும் முடியாது. பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய் ஏற வேண்டும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அரைக்காற்சட்டையோடு வந்து வாசலில் நின்று யோசிக்காமல் ஒரு வேட்டியைக் கொண்டு வாருங்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போனது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிப் பார்த்தபோது கோயிலின் கற்கள் அடியில் கிடந்தன. இதைத் தெரிந்துகொண்டு மலைப்பாறையில் பிளவாகத் தெரிகிற இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பாருங்கள், அந்த இடம் வேறு மாதிரித் தெரியும். கோட்டைக்குள் மான்கள் பக்கத்திலேயே வரும், பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். தயவுசெய்து சொப்பிங் பையோடு எதையும் போட்டுவிட்டு வராதீர்கள், உப்பும் எண்ணெயும் பட்ட பை என்றால் மான் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.

இனிப் புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரந்தான், படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள், அதனால் கரையில் ரிக்கற் எடுக்க வேண்டும், படகுக் காசு தனி. நாலைந்து பேர் சேர்ந்தால் படகுக் காசு பங்காகிவிடும். அங்கே கடையில்லை, தண்ணீர், தொப்பி எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். விடிந்த கையோடு போங்கள். வெயில் ஏற ஏறச் சனமும் ஏறும், நூறு பேர் கலக்கிய தண்ணீரில் எதைப் பார்ப்பது? காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும், கண்ணாடியைப் போட்டு முகத்தை உள்ளே வைத்தால் போதும், கிளி மீன் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைக் கொறிக்கிற சத்தமே காதில் கேட்கும், நொறுக் நொறுக்கென்று. கறுப்பு முனைச் செட்டையோடு குட்டிச் சுறாக்கள் வரும், பயப்பட வேண்டாம், நீங்கள் துரத்தாவிட்டால் அவை தங்கள் பாட்டில் போய்விடும்.

ஒன்றை மட்டும் மன்றாட்டமாகக் கேட்கிறேன், முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் அது உயிர், ஒரு விரலளவு வளரவே வருடக்கணக்காகும், களைத்துப்போய் ஒரு நிமிடம் ஏறி நின்றாலே நொறுங்கிவிடும். நீந்தத் தெரியாதவர்கள்தான் கூடுதலாக இப்படி ஏறி நிற்கிறார்கள், ஆகவே வெட்கப்படாமல் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், மிதந்துகொண்டே பார்க்கலாம். செத்த முருகைத் துண்டுகள் கரை முழுக்கக் கிடக்கும், வெறுங்காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு அவசியம். நினைவுக்கென்று ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள்.

கன்னியா வெந்நீர் ஊற்று டவுனிலிருந்து அநுராதபுரம் வீதியில், அரை மணி நேரம் கூடத் தேவையில்லை. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவது. சூடு குறைந்ததில் தொடங்குங்கள். வெந்நீரைக் கச்சான் வெயிலில் ஊற்றி என்ன பயன், அதற்கும் காலைதான். எங்கள் சனத்துக்கு அது இறந்துபோன பெற்றோருக்குக் கடன் செய்கிற இடமும் கூட, யாராவது கிரியை செய்துகொண்டிருந்தால் சத்தம் போடாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

சாப்பாட்டுக்கு ஹோட்டல் பட்டியலைப் பார்த்து அலையாதீர்கள். டவுனுக்குள் மத்தியானச் சோற்றுக் கடைக்குப் போய் இன்றைக்கு என்ன மீன் என்று கேளுங்கள். பாரையோ சீலாவோ, அன்று வந்ததுதான் நல்லது. இரவில் புட்டும் கணவாய்க் கறியும் கிடைத்தால் கொத்து ரொட்டியை இன்னொரு நாளைக்கு விடலாம். மாலையில் டச்சு பே கரையில் ஊர்ச் சனத்தோடு போய் இருங்கள், அங்கே காசு செலவாகாது.

திரும்பிப் போகிற ரயிலுக்கு வரும்போதே இருக்கை பதிந்துவிடுங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் கடைசி நேரத்தில் கிடைக்காது, கொழும்பு வரை நின்றுகொண்டுதான் போக வேண்டிவரும்.