சின்ன வயதில் படித்த புத்தகத்தை ரங்கூனில் இருந்துகொண்டு தேடுவது எப்படி

முதலில் ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். யாரிடமும் கேட்கும் முன்பே எழுதிவிட வேண்டும். கேட்ட பிறகு எழுதினால் அடுத்தவர் சொன்னது நம் நினைவோடு கலந்துவிடும். எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது.

கதையைக் கடைசியில் எழுதுங்கள். நான் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் பெரியவர்கள் "டீச்சர், அந்தப் புத்தகம் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். அவர்கள் சொல்லும் தலைப்பு சரியாக இருப்பது அபூர்வம். இரண்டு கதைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும், முடிவு மாறிப்போயிருக்கும். ஆனால் கையில் பிடித்த புத்தகம் அவ்வளவாக மறக்காது. அட்டை கெட்டியா மெல்லிசா, படம் ஒரு நிறமா பல நிறமா, யார் வீட்டுத் திண்ணையில் படித்தது, அப்போது எந்த வகுப்பு, உள்ளே கடை முத்திரை இருந்ததா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தேடலுக்கு உதவுவது அதுதான்.

விலையும் எழுத்தும் காலத்தைச் சொல்லும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தைய பதிப்பு. அந்த வருஷம் ஏப்ரலில்தான் இந்தியா நூறு காசு ரூபாய்க்கு மாறியது. 'ந.பை.' (நயா பைசா) என்று போட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் அச்சானதாக இருக்கும். லை, னை, ணா, றா எல்லாம் கொம்பு சுழித்த பழைய வடிவத்தில் இருந்ததாக நினைவிருந்தால், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த 1978க்கு முன்பாக இருக்கலாம். சில அச்சகங்கள் அதற்குப் பிறகும் பழைய அச்சையே வைத்திருந்தன, அதனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நம் பர்மா நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின, அடுத்த வருஷம் தனியார் பள்ளிகளும் போயின. கப்பல் கப்பலாக நம் ஆட்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன் வளர்ந்தவர்கள் மதராஸிலிருந்து வந்த புதுப் புத்தகத்தைப் படித்திருக்கலாம். அதற்குப் பின் வளர்ந்த எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் யாரோ விட்டுப்போன பழையது. ஆகவே நீங்கள் படித்த வருஷத்தையும் அச்சான வருஷத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய்த் தேடுங்கள். அதோடு, கண்ணால் படித்ததா, யாராவது வாசிக்கக் கேட்டதா என்றும் யோசியுங்கள். பர்மியப் பள்ளியில் படித்தவர்கள் 'ஷ்வே த்வே' போன்ற பர்மியச் சிறுவர் இதழில் வாசித்ததை வீட்டில் தமிழில் சொல்லிச் சொல்லி, தமிழ்ப் புத்தகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். என் தம்பி தேடிய குரங்குக் கதை அப்படிப்பட்டதுதான்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் தேடுவது புத்தகமாகவே வெளிவராமல் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைப்பார்கள். காலிகோத் துணி முதுகும் கெட்டி அட்டையுமாக அது அசல் புத்தகம் போலவே இருக்கும். ரங்கூனுக்குப் பக்கத்தில் துவாண்டேயில் பிறந்த என் பெரியம்மா, ஆற்றைக் கடந்து யானையைத் தேடிப் போகும் பையன் கதை ஒன்றைப் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார். பதிப்பாளர் பட்டியல் எதிலும் இல்லை. ஒருநாள், "பெரியம்மா, அத்தியாயம் தொடங்குற இடத்துல என்ன படம் இருக்கும்?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே படந்தான்டி. பின்பக்கத்துல தைல விளம்பரம் இருக்கும், பாதி சிரிப்புத் துணுக்கு வேற" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. பக்க எண் தாவித் தாவிப் போவது, அத்தியாய முடிவில் 'தொடரும்', ஓரத்தில் பின் குத்திய துரு, பாதியில் வெட்டுப்பட்ட துணுக்கு, இவற்றில் ஒன்று நினைவிருந்தாலும் பதிப்பகங்களை விட்டுவிட்டு இதழ்களுக்குப் போங்கள். அம்புலிமாமா 1947இல் தொடங்கியது, கல்கண்டு 1948இல், கோகுலம் 1972இல். உங்கள் கதை எந்த இதழில் வந்திருக்க முடியாது என்பதை இந்த வருஷங்களை வைத்தே கழித்துவிடலாம். பெரியம்மாவின் கதைக்கு, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எங்கள் உறவுக்காரப் பையன் போய்வந்தான். சில அத்தியாயங்கள் கிடைத்தன. மற்றவற்றை இன்னும் தேடுகிறோம்.

இணையத்தில் தேடுபவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து தொடங்கலாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் அங்கே இலவசம். ஒரே சொல்லை ராஜகுமாரன், இராஜகுமாரன், இராசகுமாரன் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அயல்நாட்டு நூலகப் பட்டியலில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் ஏற்றியிருப்பார்கள், அதுவும் நாம் எழுதுகிற மாதிரி இருக்காது. ஒலி எப்படி இருந்தாலும் க எப்போதும் கே, ச எப்போதும் சி. சிங்கம் என்று தேட வேண்டுமானால் எஸ்ஸும் ஜியும் கூடாது. சி, ஐ, என், கே, ஏ, எம் என்று தட்டுங்கள். இது தெரியாமல் 'இல்லை' என்று திரும்பிவிடுபவர்கள் நிறைய. பெரிய கோப்புகளைக் கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வையுங்கள்.

ரங்கூனுக்குள் என்றால் பன்சோடான் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளும் 37ஆம் தெருவும். கடைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் தலைப்பைச் சொல்லிப் பயனில்லை. தமிழ் எழுத்து உள்ள ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்த எழுத்தில் எது வந்தாலும் எடுத்து வையுங்கள்" என்று போன் நம்பர் கொடுத்து வாருங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஒரு பெரியவர் தவறிவிட்டால் அவருடைய தமிழ்ப் புத்தகங்களைப் பிள்ளைகள் பழைய பேப்பருக்கு எடை போட்டுவிடுவார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? கருமாதிக்குப் போகும்போது, கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும், "புத்தகம் ஏதும் இருந்தா போட்டுடாதீங்கண்ணே, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படிச் சொல்வதுண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி இருக்கிறது. இங்கிருந்து போனவர்கள் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாவிட்டாலும் நினைவைக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் பேசும்போது உங்கள் கதையை முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். "நீங்க சின்னதுல என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தானாக யானை வந்தால் அதுதான் சாட்சி. நீங்கள் யானையைச் சொல்லி அவர்கள் தலையாட்டினால் அது சாட்சி ஆகாது.

கிடைத்ததும் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் கரையானும் பூஞ்சையும் காத்திருக்காது. நோட்டில் எழுதியதற்குப் பக்கத்தில் உண்மையான தலைப்பு, ஆசிரியர், வருஷம், யாரிடம் கிடைத்தது என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்து இதே கதையைக் கேட்டு வருபவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கலாம்.