முதல் தடவை குரக்கன் மோல்ட் காய்ச்சப் போகிறீர்களா? தண்ணீரில் தொடங்குங்கள்

எங்கள் குசினியில் இருக்கும் கேத்திலின் அடியைக் கரண்டியால் சுரண்டினால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு உதிரும். வன்னியில், ஒட்டுசுட்டானில் எங்கள் வளவுக் கிணறு அப்படி. குடிக்க ருசியான தண்ணீர்தான். ஆனால் முளைத்த குரக்கனின் (கேழ்வரகின்) இனிப்பை வெந்நீரில் இறக்கிச் செய்யும் மோல்ட் என்ற பானத்தைக் காய்ச்ச முதல் தடவை அதை அப்படியே அள்ளி ஊற்றினேன். ஒன்றேகால் கிலோ குரக்கனும் ஒரு கிழமை வேலையும் கயர்ப்பாகப் போயின. பிஞ்சுப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. பேரப்பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

லண்டனில் இருக்கும் அண்ணா பல வருடமாக வீட்டிலே பார்லி முளையில் பியர் செய்கிறவர். அன்று இரவு போனில் அவரிடம் சொன்னேன். "தானியத்தைக் குறை சொல்லாதை தங்கச்சி. தண்ணியை என்ன செய்தனி?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். நான் செய்வது நொதிக்க வைக்காத மோல்ட். அவர் செய்வது பியர். ஆனால் தானியத்திலிருந்து இனிப்பை இறக்கும் வரைக்கும் இரண்டுக்கும் ஒரே வழிதான்.

முளைத்த தானியத்தில் நொதியங்கள் இருக்கும். வெந்நீரில் அவை மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கும். அதற்குக் கலவை கொஞ்சம் புளிப்புப் பக்கம் இருக்க வேண்டும், புளிப்பைக் காட்டும் பிஎச் அளவில் 5.2 முதல் 5.6 வரை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). நம்முடைய கிணறுகளில் கரைந்திருக்கும், கேத்திலில் வெள்ளையாகப் படிகிற பைகாபனேற்று உப்பு அதை மேலே இழுத்துவிடும். 6ஐத் தாண்டினால் நொதியம் சோர்ந்துபோவது ஒரு பக்கம், குரக்கனின் சிவப்புத் தோலில் இருக்கும் தனின் என்ற கயர்ப்புப் பொருள் கரைந்து இறங்குவது மறுபக்கம். என் முதல் பானையின் கயர்ப்பு அதுதான்.

உலகத்தில் பியருக்குப் பேர்போன ஊர்களும் தங்கள் தண்ணீருக்கு ஏற்றபடிதான் செய்தார்களாம். செக் நாட்டுப் பில்சனில் தண்ணீர் மிக மென்மையானது; 1842இல் அங்கே பொன் நிறப் பியர் பிறந்தது. லண்டனிலும் டப்ளினிலும் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அங்கே கறுப்புப் பியர்கள் பேர் எடுத்தன. வறுத்த தானியத்தில் இயல்பாகவே புளிப்பு உண்டு, அது தண்ணீரின் காரத்தன்மையை அடக்கும். அண்ணா இதைச் சொன்னதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. வன்னிக் கிணற்றுக்குக் கறுப்பு மோல்ட்தான் சரி. ஒரு பங்கு குரக்கனை வறுத்துச் சேர்க்க வேண்டும்.

ஆகவே நாள் குறிக்க முதல் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். கேத்திலில் படிவு இருந்தால், எட்டு லீற்றர் தண்ணீரை முதல் நாள் பின்னேரமே கால் மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க விட்டு, மூடி, இரவு முழுக்க ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை மண்டி தங்கியிருக்கும். மண்டி கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுங்கள். இதில் பைகாபனேற்றின் பெரும்பங்கு போய்விடும். மாரி முடிந்த தைமாதத்தில் எனக்கு இது மட்டும் போதும். ஆடி, ஆவணியில் கிணறு வற்றி அடித்தண்ணீர் வரும்போது போதாது. அப்போது சரிபாதி மழைத் தண்ணீர் கலக்கிறேன். முதல் மூன்று நாலு மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்து, துணி கட்டி மூடி வைத்த தண்ணீர். இயந்திரத்தில் வடிகட்டி உப்பை நீக்கிய ஆர்ஓ தண்ணீரும் கலக்கலாம். முழுக்க ஆர்ஓவில் செய்ய வேண்டாம், நொதியத்துக்குக் கல்சியம் கொஞ்சம் தேவை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது இன்னும் செறியும். வவுனியாப் பக்கமும் மற்ற இடங்களிலும் புளோரைட்டு கூடிய கிணறு, பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிற ஊர் என்றால் கிணற்றை விட்டுவிட்டு மழைத் தண்ணீரை எடுங்கள், அல்லது பாதிக்கு மேல் ஆர்ஓ சேருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணறு என்றால் மணம் முற்றாகப் போகும்வரை பொறுத்திருங்கள்.

சரி, குரக்கன். போன போகத்துக் குரக்கனில் ஒன்றேகால் கிலோ எடுங்கள். பழையது ஒழுங்காக முளைக்காது. அரித்துக் கழுவி, மிதப்பதை எறிந்து, பன்னிரண்டு மணித்தியாலம் ஊற வையுங்கள். இடையில் இரண்டு தரம் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு வடித்து, கழுவிய ஈரச் சாக்கில் இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்பி, இன்னொரு சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கையால் புரட்ட வேண்டும். இரண்டாம் நாள் கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கினால் குரக்கன் தனித்தனியாக இருக்காது, வெள்ளை நூலால் பின்னிய பாய் மாதிரி ஒன்றாக எழும்பி வரும். வேர் ஒரு சென்ரிமீற்றர் வந்தால் நிறுத்துங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் கண்டால், புளித்த மணம் வந்தால், அவ்வளவையும் எறிந்துவிடுங்கள். கழுவினாலும் பூஞ்சணத்தின் நஞ்சு போகாது.

இரண்டு நாள் வெயில். காய்ந்ததும் உள்ளங்கையால் தேய்த்து வேரை உதிர்த்துச் சுளகில் புடையுங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறும். அதில் நூறு கிராமை மட்டும் தாச்சியில் இளந்தீயில் வறுங்கள். கோப்பிக்கொட்டை மணம் வரத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும், கருக விட்டால் வேறு கசப்பு ஏறும். மீதியில் நெருப்பே படக் கூடாது. வறுத்தால் நொதியம் செத்துவிடும். இரண்டையும் தனித்தனியாக ரவைப் பதத்துக்குத் திரியுங்கள். மில்லில் கொடுத்தால் மா போல அரைத்துத் தருவார்கள், பிறகு வடிக்கவே முடியாது.

பார்லிக்கு வேலை சுகம். 67 பாகை (செல்சியஸ்) வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறினால் இனிப்பு இறங்கிவிடும். குரக்கனின் மாப்பொருள் அந்தச் சூட்டில் முழுதாக அவியாது. அவியும் அளவுக்குக் கொதிக்க வைத்தால் நொதியம் நிலைக்காது. அதனால் நொதியத்தை முதலே பிரித்து எடுத்து வைக்க வேண்டும். இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஒரு பங்கு கொதிநீரும் மூன்று பங்கு ஆறிய தண்ணீரும் கலந்தால் நம் ஊர் வெக்கைக்கு 45 பாகையை ஒட்டி வரும். அதில் இரண்டரை லீற்றர் எடுத்து, வறுக்காத குரக்கன் ரவை முழுவதையும் கரைத்து அரை மணித்தியாலம் வையுங்கள். ரவை அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரில்தான் நொதியம் இருக்கிறது. ஒன்றேகால் லீற்றர் அளவு அகப்பையால் மெல்ல மொண்டு தனியாக மூடி வையுங்கள். அடியில் இருப்பதோடு வறுத்ததையும் இன்னும் இரண்டரை லீற்றர் தண்ணீரையும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் துழாவி இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். கூழ் போலத் தடிக்கும், துழாவக் கை நோகும். இறக்கி 75 பாகைக்கு ஆற விட்டு, எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினால் 66, 67இல் வந்து நிற்கும். இதற்குத் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், விரலை நம்ப வேண்டாம்.

பத்து நிமிடத்துக்குள் கூழ் இளகும். கூழில் நட்டு வைத்த மாதிரி நின்ற அகப்பை சரிந்து விளிம்பில் சாயும். கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தால் மா ருசி போய் இனிப்பு தொடங்கியிருக்கும். இத்தனை தடவை செய்த பிறகும் அந்தப் பத்து நிமிடம் நான் பானையை விட்டு அசைவதில்லை. பிஎச் தாள் இருந்தால் இப்போது தொட்டுப் பாருங்கள், 5.6க்கு மேல் என்றால் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். பிறகு பானையை மூடி, சாக்கால் சுற்றி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் இறக்கி வைத்தால் சூடு அதிகம் இறங்காது.

முடிந்ததா என்று பார்க்க வெள்ளைப் பீங்கானில் ஒரு துளி விட்டு, காயத்துக்குப் பூசும் அயடினைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு வையுங்கள். கருநீலமாக மாறினால் மாப்பொருள் மிச்சம் இருக்கிறது, இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். பார்த்த துளியைப் பானையில் திரும்ப ஊற்றாமல் எறிந்துவிடுங்கள்.

குரக்கனில் உமி இல்லாததால் வடிதுணி அடைத்துக்கொள்ளும். மில்லில் நெல்லுமி இரண்டு கைப்பிடி வாங்கி, நன்றாகக் கழுவி அவித்து, வடிப்பதற்கு முன் பானையில் கலந்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் வடித்து, மேலே 75 பாகை வெந்நீர் ஒன்றரை லீற்றர் சிறுகச் சிறுக ஊற்றி மிச்ச இனிப்பையும் இறக்குங்கள். கொதிநீர் ஊற்றினாலும், துணியை முறுக்கிப் பிழிந்தாலும் கயர்ப்பு திரும்பி வரும். வடித்ததை இஞ்சியும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் மோல்ட் தயார். முதல் தடவை அரிசியோ பனங்கட்டியோ சேர்க்க வேண்டாம். குரக்கனின் இனிப்பு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும்.

லண்டனில் இருக்கிறவர்கள் என்றால் இந்தப் படியிலிருந்து அண்ணாவின் வழியில் போகலாம். இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்குப் பியர் செய்ய 1963 முதல் உரிமம் தேவையில்லை. முதல் பியருக்கு அவர் சொல்லும் கணக்கு இருபது லீற்றருக்கு நாலரைக் கிலோ முளைத்துக் காய்ந்த பார்லி, அதில் கால் கிலோ வறுத்தது, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூ முப்பது கிராம் போட்டு ஒரு மணித்தியாலக் கொதி, 20 பாகைக்கு ஆற்றிய பிறகு ஈஸ்ட், இரண்டு கிழமைப் பொறுமை. வன்னியில் இருக்கும் நாங்கள் ஈஸ்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம்.

ஈஸ்ட் போடாவிட்டாலும் இந்த வெக்கையில் வெளியே வைத்தால் ஒரு நாளில் தானாகவே நுரைக்கத் தொடங்கும். அதனால் பானையைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து விரைவாக ஆற்றி, வெந்நீரில் கழுவிய போத்தலில் விட்டு, பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் குடித்து முடியுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்றுச் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சக்கை மாட்டுக்கு, சூடு ஆறிய பிறகு, அன்றைக்கே வையுங்கள். அடுத்த நாளைக்கு அது புளித்துவிடும்.