கீபோர்டு மட்டும் எழுப்பட்டும்

உறக்கநிலையில் (ஸ்லீப்) உள்ள கணினி, மவுஸ் சற்று அசைந்தாலே விழித்துக்கொள்கிறதா? விண்டோஸில் இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கணினியை எழுப்ப அனுமதிக்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். கீபோர்டுக்கு அதை விட்டுவையுங்கள். உறக்கநிலையில் யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர் (யூஎஸ்பி சாதனங்களைக் கவனிக்கும் கணினியின் பகுதி) முழுவதும் அணைவதில்லை, சொற்ப மின்சாரத்தில் காத்திருக்கிறது. அனுமதி பெற்ற சாதனம் சமிக்ஞை அனுப்பியதும் கணினியை எழுப்பிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் லாரி கடக்கும்போது மேசை அதிர்ந்தால்கூட மவுஸுக்கு அது போதும். இப்படி வீணாக விழிக்கும் கணினி மின்சாரத்தைத் தின்னும் என்பதால், ஏற்காட்டில் இன்வெர்ட்டரை நம்பி விடுதி நடத்துவோர் அவசியம் செய்ய வேண்டியது இது.

கீபோர்டும் மவுஸும் ஒரே வயர்லெஸ் ரிசீவரில் இயங்கினால் இது பலிக்காமல் போகலாம். உறக்கத்தில் யூஎஸ்பி மின்சாரத்தையே பயாஸ் (கணினியின் அடிப்படை மென்பொருள்) துண்டிக்கும் கணினிகளில் கீபோர்டும் எழுப்பாது; பவர் பொத்தான்தான் வழி.