அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்

யாராவது போன் செய்து "அண்ணே, சிங்க்ல தண்ணி போகல" என்றால், "பாத்ரூம்ல போகுதா?" என்றுதான் முதலில் கேட்பேன். அடைத்திருப்பது சமையலறையில், இந்த ஆள் ஏன் பாத்ரூமைப் பற்றிக் கேட்கிறார் என்று சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் எந்தச் சாமானை வண்டியில் ஏற்றுவது, அரை மணி நேர வேலையா அரை நாள் வேலையா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பிளம்பிங்கில் கை வேலையைவிடக் கண் வேலை அதிகம். அந்தக் கண் வேலையில் முக்கால்வாசியை வீட்டில் இருப்பவரே செய்துவிடலாம். எங்களைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கினால், கோளாறு அந்த சிங்க்குக்கோ பேசினுக்கோ கீழேயே, கை எட்டுகிற தூரத்தில் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இடம் சேர்ந்து தேங்கினால், இரண்டும் சேருகிற கிளைக் குழாயில். கீழ்த்தளத்தில் எல்லாமே மெதுவாகப் போகிறது, மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் கீழே குளியலறைத் தரை ஜாலி வழியாக மேலே வருகிறது என்றால், வெளியே போகிற மெயின் லைனில். வீட்டிலேயே தாழ்வான இடம் எதுவோ அங்கேதான் முதலில் பொங்கும். பொங்குகிற ஜாலியைப் பார்த்ததும் கம்பியை எடுத்து அதைக் குத்தக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஜாலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளிவிடும், தரை முழுக்க ஆறாகிவிடும்.

மெயின் லைன்தானா என்று உறுதி செய்ய, வெளியே அந்த லைனில் இடையிடையே கட்டியிருக்கும் சேம்பர் குழிகளின் மூடிகளைத் திறந்து பார்க்கலாம். மூடியைத் தூக்கியதும் முகத்தை நேரே கொண்டுபோகாமல் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் சிகரெட்டோ தீயோ கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதல் சேம்பர் நிரம்பி நின்று அடுத்தது காலியாக இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டுமே நிரம்பியிருந்தால் அதற்கும் அப்பால். முதல் சேம்பரே காலி என்றால் கோளாறு வீட்டுக்குள். இதைப் போனில் சொன்னீர்கள் என்றால் பிளம்பருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, கோளாறு சிங்க்கில் மட்டும்தான் என்று தெரிந்துவிட்டது. கீழே ஒரு பக்கெட்டை வையுங்கள். சிங்க்குக்கு அடியில் வளைந்து தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதிதான் டிராப். அதைப் பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றலாம். ரென்ச் போட்டால் பிளாஸ்டிக் மரை நசுங்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரைப் பக்கம் மாற்றி மாட்டினால் சொட்டுவது அங்கேதான். கழுவ வேண்டுமென்றால் வேறு இடத்தில் கழுவுங்கள். டிராப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே சிங்க்கின் குழாயைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்ற மனமில்லை என்றால் ரப்பர் பம்ப். இதில் எல்லோரும் விடுவது ஒரு விஷயம்: பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே ஓர் ஓட்டை இருக்கும், அதை ஈரத் துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இன்னொரு வாயையும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அடைப்புக்குப் போகாமல் அந்த வழியாக வெளியேறிவிடும். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும். முதல் அழுத்து மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியே போகட்டும். அப்புறம் வேகமாகத் தள்ளி இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பதில்தான் அடைப்பு ஆட்டம் காணும்.

டிராப் சுத்தமாக இருந்தும் போகவில்லையா, ஸ்பிரிங் கம்பி விட வேண்டும். இதைச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும், குத்தக் கூடாது. கம்பி எங்காவது நின்றால் அது வளைவா அடைப்பா என்று கை சொல்லும். வளைவில் முட்டினால் கெட்டியாக, உலோகம் உலோகத்தில் இடித்தது போல் நிற்கும். சற்று பின்னால் இழுத்துச் சுழற்றினால் சட்டென்று வழுக்கிப் போய்விடும். அடைப்பில் முட்டினால் அப்படி இடிக்காது. மெத்தென்று வாங்கிக்கொண்டு திரும்பத் தள்ளும், சுழற்றச் சுழற்றக் கனம் கூடும். அந்தக் கனம் கிடைத்ததும் மேலும் தள்ளாமல் அப்படியே இழுங்கள். முடிச் சுருள் என்றால் கம்பி நுனியில் சுற்றிக்கொண்டு முழுசாக வந்துவிடும். தள்ளிக்கொண்டே போனால் அதை மெயின் லைனுக்கு அனுப்பி வைப்பீர்கள்.

இப்போது பவுடர், ஆசிட் விஷயம். அடைப்பு நீக்கும் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். மெதுவாகவாவது தண்ணீர் போகிற குழாயில் அது கொஞ்சம் வேலை செய்யலாம். முழுதாக அடைத்த குழாயில் அது அடைப்பு வரை போகவே போகாது, டிராப்பிலேயே தங்கிப் பிவிசியை இளக வைக்கும். டாய்லெட் கோப்பையில் போட்டால் சூட்டில் பீங்கான் விரிசல் விடவும் கூடும். பவுடர் வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே ஆசிட் ஊற்றுவது அதைவிட ஆபத்து: இரண்டும் சேர்ந்து பொங்கி முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். என் கருத்து, இவற்றை வாங்கவே வேண்டாம். ஒருவேளை ஊற்றிவிட்டீர்களா, வருகிற பிளம்பரிடம் டிராப்பில் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட்டு மறைக்கிறவர்கள் நிறைய. சிங்க்குக்குக் கீழே படுத்துக் கழற்றுகிறவனுக்கு அந்தத் தண்ணீர் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

கொழுப்பு அடைப்புக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் நிம்மதியாகத் தாங்கும். அது ஒருபுறம் இருக்க, உருகிய எண்ணெய் காணாமல் போவதில்லை. இன்னும் நாலு மீட்டர் தள்ளி, குளிர்ந்த இடத்தில், என் கம்பியும் எட்டாத தூரத்தில் மறுபடி உறையும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், அது போதும்.

அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வருகிறதென்றால் வேறு கதை. ஒவ்வொரு டிராப்பிலும் ஏறக்குறைய 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. யாரும் புழங்காத பாத்ரூமில் அது காய்ந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே நாற்றம் போய்விடும். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். தினமும் புழங்குகிற இடத்திலேயே நாறுகிறது, ஃப்ளஷ் செய்தால் பக்கத்து ஜாலியில் "கொடகொட" என்று சத்தம் வருகிறது என்றால், காற்றுக்காக மாடி வரை போகிற வென்ட் பைப்பைப் பாருங்கள். தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்று வர வழி வேண்டும். வழி இல்லையென்றால் டிராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மாடியில் அந்தக் குழாயின் வாயில் பறவைக் கூடு இருக்கும், அல்லது மழை இறங்குமே என்று யாரோ நல்லெண்ணத்தில் மூடி போட்டிருப்பார்கள்.

கசிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் ஆண்டுக்கு 11,000 லிட்டருக்கு மேல் வீணாகிறது. திருகுக் குழாய் என்றால் வாஷர், கால் திருப்பில் மூடும் குழாய் என்றால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிகிறதா என்று பார்க்க, டேங்கில் கொஞ்சம் வண்ணம் கலந்து கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் அடியில் இருக்கும் ரப்பர் போய்விட்டது. இதற்கெல்லாம் முன்னால், வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை அதை மூடித் திறந்து வையுங்கள். அவசரத்தில் இறுகிப்போன வால்வைப் பிடித்து முறுக்கினால் தண்டு ஒடிந்து கையோடு வரும்.

ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்து வந்தால் அதன் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். எல்லா இடத்திலும் மெலிந்தால், தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம், 3 மீட்டர் என்றால் 0.3 பார். விலை கூடிய ஷவரை மாட்டிவிட்டுப் பிளம்பரைத் திட்டுவதில் பயனில்லை.

செப்டிக் டேங்க் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பொங்கும் வரை யாரும் அதை நினைப்பதில்லை. உள்ளே மூன்று அடுக்கு: அடியில் மண்டி, மேலே மிதக்கும் கொழுப்பு ஆடை, நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர். அந்த நடுத் தண்ணீர் மட்டும்தான், தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். மண்டியில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், மிச்சம் ஏறிக்கொண்டே வரும். தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அது நிறையும் முன் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தொட்டி அளவையும் வீட்டு ஆட்களையும் பொறுத்துப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை. டப்பாவில் விற்கும் "பாக்டீரியா பவுடர்" இதற்கு மாற்று கிடையாது. தொட்டியில் வேண்டிய நுண்ணுயிர் தினமும் தானாகவே வந்துகொண்டிருக்கிறது. துடைப்பான் துணி, நாப்கின், சமையல் எண்ணெய், குடம் குடமாகக் கிருமிநாசினி, இவை போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃப்ளஷ் செய்யலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும் துடைப்பானையும் நம்ப வேண்டாம். தொட்டியைத் திறந்தால் பெரும்பாலானவை முழுசாகத்தான் மிதக்கின்றன.

உறிஞ்சி எடுத்த பிறகும் கொஞ்ச நாளிலேயே தண்ணீர் பின்னுக்கு ஏறுகிறதா, உறிஞ்சு குழியைப் பாருங்கள். மண்டி அங்கே போய் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். குழியைச் சுற்றி எப்போதும் ஈரம், அங்கே மட்டும் புல் செழித்து நிற்பது, மழை பெய்தால் டாய்லெட் மெதுவாகப் போவது எல்லாம் அதன் அடையாளம். உறிஞ்சும் வண்டியைத் திரும்பத் திரும்ப வரவழைப்பதால் அது சரியாகாது, குழியைத்தான் மாற்ற வேண்டும். மழைத் தண்ணீர்க் குழாயை செப்டிக் டேங்கில் விட்டிருந்தால் முதலில் அதை வெட்டி வேறு பக்கம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது, கூலிக்கு வருபவரையும் இறக்கக் கூடாது, காலியாகத் தெரிந்தாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல் நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கிற நேரம்தான் ஆளை அடிக்கும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் செத்துப்போவது வழக்கமாக நடப்பது. மீத்தேனும் இருக்கும், ஆகவே தீக்குச்சி கிழித்து எட்டிப் பார்க்காதீர்கள். வெளியே நின்று குழாய் விட்டு உறிஞ்சும் வண்டியால் ஆகாத வேலை என்றால், தகுந்த கருவியும் பயிற்சியும் உள்ளவர்களைத் தேடுங்கள். "நம்ம பையன் எறங்கிருவான் சார்" என்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

பிளம்பரைக் கூப்பிட்டாயிற்று. அடைப்பு எடுத்ததும் "உள்ளேருந்து என்ன வந்துச்சு, காட்டுங்க" என்று கேளுங்கள். அருவருப்பாக இருந்தாலும் பார்த்துவிடுங்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. முடியும் சோப்பும் என்றால் ஜாலிக்கு ஒரு வலை போதும். கொழுப்பு என்றால் சமையலறைப் பழக்கம் மாற வேண்டும். மெல்லிய வேர்கள் வந்தால் குழாய் இணைப்பில் இடைவெளி இருக்கிறது. வேரை வெட்டினாலும் மறுபடி வளரும். மண்ணோ ஜல்லியோ வந்தால் குழாய் உடைந்திருக்கிறது, கம்பி விட்டு அனுப்பிவிட்டால் போதாது. அதே இடம் திரும்பத் திரும்ப அடைத்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அடைப்பு எடுத்த பிறகு. அடைத்த குழாயில் கேமராவுக்கு அழுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் நடுவில் தொய்ந்துபோன குழாயோ சரிவு போதாத குழாயோ இருக்கும். 100 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 1 முதல் 2.5 செ.மீ. சரிவு வேண்டும். அதற்குத் தோண்டித்தான் ஆக வேண்டும், நாங்கள் சொல்லத் தயங்குகிற செய்தி அதுதான்.

தோண்டினார்கள் என்றால், மூடும் முன் சுவரிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி குழாயைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆட்கள் கிளம்பும் முன் மாடியிலும் கீழேயும் எல்லாக் குழாயையும் சேர்த்துத் திறந்துவிட்டு, சேம்பர் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் ஏறாமல் ஓடினால் மூடியை வைக்கச் சொல்லலாம்.