மைசூருக்கு ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பும் திட்டத்தோடு மைசூர் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது மாலை நேரத்தில்தான். அரண்மனை விளக்கலங்காரமும் பார்க்க வேண்டும், பிருந்தாவனத் தோட்டத்தின் இசை நீரூற்றும் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டுமே இருட்டிய பிறகு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பவை. பிருந்தாவனம் இருப்பதோ ஊருக்கு வெளியே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணராஜசாகர் அணையை ஒட்டி. ஓடி ஓடி இரண்டையும் பாதியாகப் பார்ப்பதைவிட ஒன்றை விட்டுவிடலாம். என்னைக் கேட்டால், பிருந்தாவனத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகளும் சேர்ந்து எரிவதைச் சாவகாசமாகப் பார்க்க முடிவது ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை, தசரா நாட்களில்தான். சாதாரண ஞாயிறு என்றால் ஏழு மணிக்குப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிடுவார்கள். புதன்கிழமை போய்விட்டு அவ்வளவு நேர அலங்காரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம், உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்தப் பூங்காவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். நிறைய நடக்க வேண்டும், சாவகாசமாகப் பார்த்தால் மூன்று மணி நேரம் போய்விடும்.

சாமுண்டி மலையை மதியத்துக்குத் தள்ளிவைப்பதும் வீண். உச்சிப்பொழுது தாண்டினால் கோயில் நடை சாத்திவிடுவார்கள், வெயிலும் கொளுத்தும். காலையில் முதல் வேலையாக மலைக்குப் போய்விடுங்கள். நகரப் பேருந்து உச்சி வரைக்குமே போகிறது. பலர் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வண்டியேறி இறங்கிவிடுகிறார்கள், பாதி மலையில் ஒரே பாறையில் செதுக்கிய நந்தியைப் பார்ப்பதே இல்லை. மலைக்கு மொத்தம் ஆயிரம் படிக்கட்டு. மேலிருந்து சுமார் 300 படி இறங்கினால் நந்தி வந்துவிடும், முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு அது பெரிய தூரமே இல்லை.

அரண்மனைக்கு ஆட்டோவில் போனால், படங்களில் பார்த்த கிழக்கு வாசலில் இறங்கிவிடாதீர்கள். பார்வையாளர்கள் நுழைவது தெற்கே உள்ள வராஹ வாசல் வழியாக. உள்ளே செருப்புக்கு அனுமதி இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் வழியில்தானே, ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்பார்கள். புதிய விரைவுச்சாலை ஊருக்குள் நுழையாமல் புறவழியாகவே போய்விடுகிறது, பிரியும் இடத்தைக் கவனிக்காவிட்டால் தாண்டிவிடுவீர்கள். கோயிலும் திப்புவின் கோடைக்கால அரண்மனையுமே அரை நாள் கேட்கும், எனவே இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2023 ஆகஸ்டிலிருந்து விரைவுச்சாலையின் பிரதான பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பட்டுச் சேலை. குறைந்த கட்டணத்தில் ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுவதாக வரும் ஆட்டோ, கடைசியில் ஏதாவது ஒரு கமிஷன் கடை வாசலில் நிற்க வாய்ப்பு அதிகம். அசல் மைசூர்ப் பட்டு வேண்டுமென்றால் கர்நாடக அரசின் பட்டு நிறுவனம் நடத்தும் விற்பனை நிலையத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.