தாத்தா படம் பிரிண்ட் போடும் முன்: டர்பன் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் கறுப்பு வெள்ளையில் ஒரு தாத்தாவோ ஆயாவோ சுவரில் இருப்பார்கள். படம் பழுத்துவிட்டது, ஓரம் உதிர்கிறது என்று அதை ஸ்கேன் செய்து வீட்டு இன்க்ஜெட்டில் புதிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் புதுப் பிரிண்ட் சில வருடங்களிலேயே பச்சையடித்தோ வெளுத்தோ போனதும் பிரிண்டரைத் திட்டுகிறோம். படம் எந்தச் சுவரில், எந்தக் காற்றில், எந்த வெயிலில் இருக்கப் போகிறது என்று யோசிக்காமலே தாளும் மையும் வாங்கிவிடுகிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, புதுப் பிரிண்ட் கைக்கு வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுவது. வெள்ளி உப்பு பூசிய தாளில் ஸ்டுடியோக்காரர் நன்றாகக் கழுவி எடுத்த பழைய படம் எண்பது, நூறு வருடம் தாங்கியிருக்கிறது. உங்கள் இன்க்ஜெட் பிரிண்ட் அவ்வளவு தாங்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். சுவருக்குப் பிரிண்ட், பெட்டிக்கு அசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலின் கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை காய்ந்து பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்க முடியாது.

ஸ்கேன் செய்யும்போது பலரும் "கறுப்பு வெள்ளைப் படம்தானே" என்று கிரே மோடில் வைத்துவிடுகிறார்கள். கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். முடிந்தால் 16 பிட்டில் (நிறங்களை நுணுக்கமாகப் பதியும் அளவு), டிஃப் கோப்பாக (படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை). காரணம் இருக்கிறது. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். அதனால் கோப்பைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பார்த்தால், நீலச் சேனலில், அதாவது நீல ஒளியை மட்டும் காட்டும் பகுதியில், கறை அப்பிக்கொண்டு நிற்கும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் காணாமலே போயிருக்கும். அந்தச் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கறை துடைக்கும் வேலை மிச்சம். கிரே மோடில் எடுத்தால் மூன்றும் கலந்து கறையும் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். போஸ்ட்கார்டு அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால், 300இல் பிரிண்ட் போடும்போது இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் தாத்தாவின் முகம் பெரிதாகும், விவரம் கூடாது.

திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருண்டு வந்தால், திரையின் வெளிச்சம்தான் கூடுதல். அதைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்யுங்கள்.

இப்போது மை. சாதாரணக் கலர் பிரிண்டர் சாம்பல் நிறத்தை நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்குகிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும், பகலில் சரியாகத் தெரிந்த படம் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் பச்சையாகவோ ரோஜாவாகவோ தெரியும். போதாததற்கு மூன்று மைகளும் ஒரே வேகத்தில் வெளுக்காது. முதலில் எது போகிறதோ, மற்றவற்றின் நிறம் படத்தில் ஏறும். கறுப்போடு சாம்பல் மைகளும் உள்ள பிரிண்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 2005இல் எப்சன் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை வைத்த பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைக்கென்றே தனி மோடும் கொடுத்தது. கேனன் பிரிண்டர்களிலும் அப்படி ஒன்று உண்டு. இருந்தும் அதைத் தொடாமல் சாதாரணக் கலர் மோடிலேயே பிரிண்ட் போடுகிறவர்கள்தான் அதிகம். பிரிண்டர் வாங்க வசதி இல்லையென்றால், அப்படிப்பட்ட பிரிண்டர் வைத்திருக்கும் கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலு படத்துக்காகப் பிரிண்டர் வாங்குவது என் கணக்கில் வீண்.

மையில் டை, பிக்மென்ட் என்று இரண்டு ஜாதி. டை மை தாளில் கரைந்து ஊறும். பார்க்க அழகு, ஆனால் காற்றிலுள்ள ஓசோனுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. அதிலும் உடனே காயும் நுண்துளைத் தாளில் போட்டால், காற்று நேராக மைக்குள் புகுந்துவிடும். 2000 வாக்கில் சில டை மைப் பிரிண்ட்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகிப் பெரிய சர்ச்சையானது. அதற்குக் காரணம் வெளிச்சம் அல்ல, காற்றிலிருந்த ஓசோன். பிக்மென்ட் மை நுண்ணிய துகள்களால் ஆனது. கார்பன் துகள் என்றால் இன்னும் உறுதி. திறந்த ஜன்னலும் கடல் காற்றுமாக வாழ்கிற நமக்கு, சுவரில் மாட்டும் படம் என்றால் பிக்மென்ட்தான். மலிவு ரீஃபில் மையை வீட்டுப்பாட நோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் "100 வருடம்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த மாதிரி கணக்கெல்லாம் ஒரு குறிப்பிட்ட நிலைமையை வைத்துப் போட்டது. பிரிண்ட்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்று சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் கணக்கு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்று வைத்துக்கொள்கிறது. ஜன்னலோர வெயில் அதைப் போலப் பல மடங்கு.

வெயில் என்றதும் ஒன்று. வடகோளத்துக்காரர்கள் எழுதிய குறிப்புகள் "தெற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே" என்று சொல்லும். நமக்கு அது தலைகீழ். தென்னாப்பிரிக்காவில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது; வடக்கு பார்த்த அறைதான் ஆபத்து. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது இன்னும் மோசம்.

தாளில் நடக்கும் தவறு சின்னது, விளைவு பெரியது. பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளுக்கு மேட் கறுப்பு மை, பளபளப்புத் தாளுக்கு போட்டோ கறுப்பு மை. தாள் வகையைப் பிரிண்டரில் மாற்றாமல் விட்டால், தாத்தாவின் கறுப்புக் கோட்டு சாம்பல் துண்டாகிவிடும். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளில் ஒளியூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். காலப்போக்கில் அது செயலிழந்து தாள் மஞ்சள் தட்டும். கொஞ்சம் பால்வெள்ளையான தாள் பழைய படங்களுக்கு எப்படியும் பொருத்தம்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, பல பிரிண்டர்களில் மை தெளிக்கும் தலை அடைத்துக்கொண்டது. பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் மைத்தலை மூடிக்குள் போகாமல் நடுவழியில் நின்று காய்கிறது. சுவர் சுவிட்சில் அணைத்தாலும் இதே கதை. பிரிண்டரின் சொந்த பட்டனில் அணைத்தால்தான் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு சின்ன பிரிண்ட் போட்டால் பெரும்பாலும் அடைப்பு வராது. பெரிய பிரிண்டுக்கு முன் நாஸில் செக் (மைத்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) பாருங்கள். ஒரு கோடு விட்டுப்போனாலும் தாத்தாவின் நெற்றியில் வரி விழும்.

பிரிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அவசரப்பட்டு ஃபிரேம் போடாதீர்கள். மையிலுள்ள கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் மெல்ல ஆவியாகும். உடனே அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் புகை படிந்ததுபோல் மங்கும். குறைந்தது ஒரு நாள், பளபளப்புத் தாள் என்றால் இன்னும் சில நாள், மேலே வெற்றுத் தாள் வைத்துத் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். டர்பன் கோடையில் காற்றே ஈரம், அப்போது இன்னும் கூடுதலாக விடுங்கள்.

பிரிண்ட் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். ஈரத்தில் மைப்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகத்தோடு வரும். கண்ணாடியே இல்லாமல் மாட்டுவதும் சாமி அறைக்கு ஆகாது. கற்பூரப் புகையும் சாம்பிராணியும் விளக்குக் கரியும் நுண்துளைத் தாளில் புகுந்தால் துடைத்து எடுக்க வழியில்லை. கண்ணாடி இருந்தால் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைக்கலாம். ஆனால் துடைக்கிற துணியைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள், தண்ணீர் ஃபிரேமின் அடி இடுக்கில் இறங்கும்.

லாமினேஷன் வேண்டாம். சூடு போட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஆல்பத்தில் வைப்பதானால் பிவிசி உறையும் பசைத்தாள் பக்கமும் இல்லாததாகப் பாருங்கள். பாலிப்ரோப்பிலீன், பாலியெஸ்டர் உறை நல்லது. பெட்டியைத் தரையிலோ மழை படும் வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. நனைந்த வெள்ளிப் படத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலாக வைத்து உலர்த்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. டை மைப் பிரிண்டில் அந்த வாய்ப்பு இல்லை, மை ஓடிவிடும்.

பின்னால் பெயர் எழுதும்போது பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பளபளப்புத் தாளின் பின்புறம் பென்சில் பிடிக்காது; மவுண்ட் அட்டையின் பின்னால் எழுதுங்கள். பெயர், ஊர், எடுத்த வருடம். ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்றால் கப்பலின் பெயரும் அவருக்குக் கொடுத்த குடியேற்ற எண்ணும். 1860 முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சம் பேரின் பதிவேடுகளில் தேட அந்த எண்தான் சாவி.