ரயிலுக்கு முன்னும் பின்னும் சைக்கிள்

வீட்டிலிருந்து ரயில் நிலையம் 3 கிலோமீட்டர் என்றால் நடக்க 35 நிமிடம் ஆகும். சைக்கிளில் அவசரமே இல்லாமல் மிதித்தாலும் 12 நிமிடத்தில் போய்விடலாம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் நேரம் சாலையில் வீணாவதில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதிலிருந்து ரயில் பெட்டிக்குள் கால் வைக்கும்வரை உள்ள இடைவெளியில்தான் வீணாகிறது. நிறுத்த இடம் தேடுவது, பூட்டுவது, படியேறுவது, நடைமேடை மாறுவது எல்லாம் அதில் அடக்கம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தை 20 ஆக்கினால் அந்த 3 கி.மீட்டரில் மிச்சமாவது 3 நிமிடம்தான், சட்டை நனைவது தனி. அதே 3 நிமிடத்தை நிலைய வாசலில் சம்பாதிப்பது ரொம்ப சுலபம்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சைக்கிள் உங்களோடு ரயிலில் வரப்போகிறதா, நிலையத்திலேயே நிற்கப்போகிறதா? முழு அளவு சைக்கிளை ரயிலில் ஏற்றும் யோசனையை வேலைக்குப் போகிறவர்கள் விட்டுவிடலாம். நெரிசல் நேரத்தில் பல ரயில்வேக்கள் அனுமதிப்பதில்லை; அனுமதித்தாலும் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது மூன்று வழி: ஏறும் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போவது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் வைத்துக்கொள்வது, மடக்கு சைக்கிள்.

இறங்கும் இடத்திலிருந்து அலுவலகம் ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வழிதான். இரண்டு பக்கமும் தூரம் என்றால் மற்ற இரண்டில் ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு சைக்கிள்காரர். அலுவலகப் பக்கத்துச் சைக்கிள் இரவெல்லாம், சனி ஞாயிறெல்லாம் நிலையத்தில் அநாதையாக நிற்கும் என்பதால், பெயின்ட் உரிந்த பழைய சைக்கிளைத்தான் அங்கே விட்டிருக்கிறார். பிரேக்கும் செயினும் மட்டும் நன்றாக இருக்கும். அதுதான் சரி. நல்ல சைக்கிளை நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலில் நிம்மதியாக உட்கார முடியாது.

நிறுத்துகிறவர்களுக்குப் பூட்டுதான் எல்லாம். கேபிள் பூட்டை நம்ப வேண்டாம், கையடக்கக் கட்டரே போதும் அதை வெட்ட. கெட்டியான யூ-லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) வாங்குங்கள். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன முறை எனக்குப் பிடிக்கும்: பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணச் சட்டத்துக்குள் வரும் இடத்தில் ரிம்மையும் டயரையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுவது. சக்கரத்தைக் கழற்றினாலும் பூட்டியிருக்கும் ரிம் அந்த முக்கோணத்தைவிட்டு வெளியே வராது, ஃபிரேமும் போகாது. சின்ன பூட்டே போதும். சின்ன பூட்டு என்றால் நெம்புகோல் நுழைக்கவும் இடம் இருக்காது. சாவித் துவாரம் கீழே பார்க்கட்டும், மழைநீர் இறங்காது. பூட்டைத் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். தரையில் கிடக்கும் பூட்டைச் சுத்தியலால் அடிப்பது எளிது. முன்சக்கரம் கையாலேயே ஒரு பிடியைத் திருப்பிக் கழற்றும் வகையா? அந்தப் பிடியை எடுத்துவிட்டு நட்டு போட்டுவிடுங்கள். கழற்றக்கூடிய விளக்கு, பம்பு எல்லாம் உங்களோடு வரவேண்டும்.

தினமும் ஒரே இடத்தில் நிறுத்தப் பாருங்கள். பெரிய நிறுத்தங்களில் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நிலையத்தின் நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கும். அதில் ‘கறுப்பு சைக்கிள், வலது பக்கம்’ என்று தேடினால் விடிந்துவிடும்.

நான் மடக்கு சைக்கிள்காரன். 16 அங்குலச் சக்கரமா, 20 அங்குலமா என்பதுதான் இதில் முதல் கேள்வி. சாலை மோசம், ரயிலில் கூட்டம் குறைவு என்றால் 20. சாலை பரவாயில்லை, ரயில் நிரம்பி வழியும் என்றால் 16. பிராம்ப்டன் போன்ற 16 அங்குல வண்டிகள் மடித்ததும் செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். நடுவில் பாதியாக மடியும் 20 அங்குல வண்டிகள் பலவற்றில் செயின் வெளிப்பக்கம்தான் நிற்கும். அதை உங்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், அடுத்தவர் பேன்ட்டில் எண்ணெய் படாது. பெரும்பாலானவை 10 கிலோவுக்கு மேல் இருக்கும். கடையிலேயே மடித்து, கையில் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மடிப்பதை நிலைய வாசலுக்கு வெளியே முடித்துவிட வேண்டும், நடைமேடையில் அல்ல. வீட்டில் பழகிக்கொண்டால் அரை நிமிடம் கூட ஆகாது. பெட்டிக்குள் ஏறியதும், அடுத்த நிலையங்களில் எந்தப் பக்கக் கதவு திறக்காதோ அந்தப் பக்கம் ஒதுங்குங்கள். ரயில் பிரேக் போடும்போது மடித்த சைக்கிள் உருண்டு யார் காலிலாவது இடிக்கும். மடித்த பிறகும் சக்கரத்தில் நிற்கும் வண்டி என்றால் இதற்கு ஒரு வழி உண்டு: முன்பிரேக் பிடியை அழுத்தி, ஹேண்டில்பாரோடு சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையைச் சுற்றிவிட்டால் சக்கரம் அசையாது. எனக்கு அந்தப் பட்டை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. இறங்கி விரித்ததும் சட்டம் மடியும் இடத்துக் கீல் பூட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்தப் பூட்டு அழுத்தமே தராமல் சுலபமாக மூடுகிறது என்றால் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வியர்வை. மிதிக்கும்போது காற்று அடிப்பதால் தெரியாது. வண்டியை நிறுத்தியதும்தான் கொட்டும், அதுவும் சரியாக ரயில் பெட்டிக்குள் நுழைந்த பிறகு. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதியுங்கள், ரயிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நடைமேடையில் நில்லுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினாலே பாதி வியர்வை குறையும். ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் அலுவலகத்தில் கிடக்கட்டும். மழைக் காலத்துக்கு மட்கார்டு கட்டாயம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது, சக்கரம் ஓரிரு சுற்று சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே லேசாக அழுத்திக்கொண்டே போங்கள்.

வாரம் ஒருமுறை காற்று அடித்தால் பஞ்சர் குறையும். எவ்வளவு அழுத்தம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். மீறிப் பஞ்சரானால், காலையில் சாலையோரம் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். கை கறுப்பாகும், ரயிலும் போய்விடும். நிலையம் பக்கம் என்றால் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு ரயிலைப் பிடியுங்கள். மடக்கு சைக்கிள் என்றால் மடித்து ஆட்டோவிலோ பஸ்ஸிலோ ஏறிவிடலாம். ஒட்டும் வேலையை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். சாலைக்கு அது போதும். கூட்டத்துக்குப் போதாது. விடுமுறைக் காலையில் காலியாக இருக்கும் படிக்கட்டு திங்கள் காலையில் நகரவே விடாது. எனவே சைக்கிள் இல்லாமல் வழக்கம்போல வேலைக்குப் போகிற ஒரு நாளிலேயே, நிலைய வாசலிலிருந்து பெட்டிக்குள் ஏறும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் படிக்கட்டுக்கு நேரே வரும் என்பதையும் அன்றே பார்த்து வையுங்கள். அந்த நேரத்தோடு சைக்கிள் நேரத்தையும், பூட்டவோ மடிக்கவோ ஆகும் நேரத்தையும், வியர்வை அடங்க ஐந்து நிமிடத்தையும் கூட்டினால் வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்பது வந்துவிடும்.